பதினாறாவது பெயர்: ‘ஜுண்ட்’ படத்தை முன்வைத்து

கால்பந்துப் படங்களில் கோச் என்பவர் கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற ஆள். எங்க ஏரியாவில் பசங்களைச் சேர்த்து டீம் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கத்துறது அரைமணி நேர வேலை. மீதி வேலையெல்லாம் கமிட்டி ரூமுக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பது. கிரவுண்டு சாவி யார் கையில், வெளியூர் போட்டிக்கு ரயில் செலவு யார் தருவது, லிஸ்டில் யார் பெயர் நிற்கும் என்பதையெல்லாம் அங்கேதான் தீர்மானிக்கிறார்கள்.

நாகராஜ் மஞ்சுளே இயக்கி 2022இல் வந்த ‘ஜுண்ட்’ இந்த மீதி வேலையைப் பெருமளவு காட்டுகிறது. அதனாலேயே அதை நாம் பேச வேண்டியிருக்கிறது. நாக்பூரில் விளையாட்டு ஆசிரியராயிருந்த விஜய் பர்சே, மழையில் உடைந்த வாளியை உதைத்துக்கொண்டிருந்த சேரிப் பிள்ளைகளைப் பார்த்து 2001இல் தொடங்கிய ‘ஸ்லம் சாக்கர்’தான் கதைக்கு மூலம். படத்தில் அவர் பெயர் விஜய் போராடே. நடித்திருப்பவர் அமிதாப் பச்சன். பிள்ளைகளாக வருகிறவர்களில் பெரும்பாலோர் நடிப்புக்குப் புதியவர்கள்.

ஜுண்ட் என்றால் மந்தை. மந்தை என்று அழைக்கப்பட்டவர்கள் டீம் என்று அழைக்கப்படுவதற்குப் படும் பாடுதான் படம். காலேஜுக்கும் குடிசைகளுக்கும் நடுவில் ஒரு சுவர். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விஜய் முதலில் காசு கொடுத்து அவர்களை விளையாட வைக்கிறார். பிறகு காசை நிறுத்தினாலும் பந்து கேட்டு வந்து நிற்கிறார்கள்.

சாதாரண சினிமாவாக இருந்தால் ஜெயிச்சதும் முடிஞ்சிருக்கும். மஞ்சுளே ஜெயித்த பிறகுதான் தொடங்குகிறார். வெளிநாட்டுப் போட்டிக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பழங்குடிப் பெண் மோனிகாவும் அவள் அப்பாவும், தாங்கள் யாரென்று நிரூபிக்கும் காகிதத்துக்காக அலைகிறார்கள். அங்குஷ் மேல் போலீஸ் கேஸ். வலைக்குள் பந்தைத் தள்ளுவதைவிட ஆபீசுக்குள் ஒரு மனுவைத் தள்ளுவது கஷ்டம் என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன விளையாட்டுப் படம் நான் பார்த்ததில்லை. அம்பேத்கர் ஜெயந்திக் கொண்டாட்டத்தை நடுவில் வைத்து, அண்ணலின் படத்துக்கு முன்னால் பச்சனையே நிறுத்தியதும் சின்ன விஷயமல்ல.

ஆனாலும் எனக்கு இரண்டு வருத்தங்கள். ஒன்று, கோர்ட்டில் அங்குஷுக்காகப் பேசுவது விஜய். பையன்கள் வரிசையாகத் தங்கள் வாழ்க்கையைச் சொல்கிற காட்சி இருக்கிறது, உண்மை. ஆனால் அதிகாரத்தின் முன்னால் பேச வேண்டிய இடத்தில் வாய் அவருடையதாகிவிடுகிறது. நமக்காக இன்னொருத்தர் பேசுகிற பழைய ஏற்பாடு.

இரண்டாவது, விஜய்யின் கை கடைசிவரை சுத்தமாகவே இருக்கிறது. தடைகளெல்லாம் வெளியில் இருக்கின்றன. ஒரு பையனைக் கொடுத்து மற்றவர்களை வாங்குகிற பேரம் அவருக்கு வருவதில்லை. எனக்கு வந்தது.

பதினாலு வயசுக்குட்பட்ட டீம். வெளியூர் டோர்னமெண்ட். லிஸ்டில் பதினாறு பேர், அதில் எங்க தெருப் பசங்க எட்டுப் பேர். கிளப் செகரட்டரி லிஸ்டைப் பார்த்துவிட்டு, ‘பர்த் சர்டிபிகேட் ஒழுங்கா இருக்கற பசங்களாப் போடக்கூடாதா?’ என்றார். மற்ற எட்டுப் பேரிடம் யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை. பிறகு குரலை இறக்கி, ‘ஒரு எடம் குடு. என் மச்சான் பையன் வரட்டும். உன் பசங்க ஏழு பேருக்கும் டிக்கெட் நான் போடறேன்’ என்றார். பெஞ்சில் உட்கார்ந்து நானே பேனாவை எடுத்துப் பதினாறாவது பெயரை அடித்தேன். அவன் அம்மா கொலுசை அடகு வைத்துப் பூட்ஸ் வாங்கித் தந்திருந்தது எனக்குத் தெரியும்.

‘அண்ணா, லிஸ்ட்ல எம்பேரு இருந்துச்சே?’ என்று கேட்டான். ‘அடுத்த வாட்டி பாக்கலாம்டா’ என்றேன். அதற்குப்பிறகு அவன் கிரவுண்டுக்கு வரவில்லை. போன ஏழு பேரில் ஒருவன் இன்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலையில் இருக்கிறான். அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். பல வருஷம் அப்படித்தான் தப்பித்தேன்.

படத்தின் முடிவில் ஏர்போர்ட் சோதனையில் அங்குஷ் தன்னிடமிருந்த பிளேடை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுகிறான். விமானம் மேலே போகிறது. கீழே சுவர், அதைத் தாண்டக்கூடாது என்கிற எச்சரிக்கை. விமானத்தைப் பார்த்து தியேட்டரில் கை தட்டினார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனைத் தேடினேன்.

சுவரைக் கட்டியவர்கள் யாரென்று மஞ்சுளே காட்டிவிட்டார். அந்தச் சுவரில் கேட் வைத்து, நம்மில் ஒருத்தன் கையில் லிஸ்டைக் கொடுத்து உட்கார வைக்கிறார்களே, அந்தக் கதையை மஞ்சுளே சொல்லவில்லை. அதை என்னைப்போல் பேனா பிடித்தவர்கள்தான் எழுத வேண்டும்.