நனைந்த புத்தகங்கள்

பரஜானவின் 'மாதுளைகளின் நிறம்' (1969) இன்று நமக்குப் பெரும்பாலும் ஸ்டில்களாகத்தான் வந்துசேர்கிறது. வெள்ளைத் துணியில் கசியும் மாதுளைச் சாறு, கம்பளம், நேராக நம்மைப் பார்க்கும் முகம். லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். படத்துக்கு இது பெரிய அநியாயம்.

ஆரம்பத்தில் ஒரு காட்சி. நனைந்துபோன மடாலயப் புத்தகங்களைத் துறவிகள் கல் வைத்து அழுத்துகிறார்கள், தண்ணீர் வழிகிறது. பிறகு கூரை முழுக்கப் புத்தகங்கள் விரிந்து கிடக்கின்றன. காற்றில் பக்கங்கள் படபடக்க, நடுவே சிறுவன் சயாத் நோவா. ஆர்மீனியர்களின் பண்பாட்டுச் செல்வம் யாரோ சுமந்து, பிழிந்து, காயவைத்ததால் மிஞ்சியது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஸ்டில்லில் இது கிடைக்காது, ஏன்னா அதில் காற்று இல்லை.

எனக்கு ஒரு குறையும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் சயாத் நோவா ஆர்மீனியம், ஜார்ஜியம், அஜர்பைஜானியம் மூன்றிலும் பாடல் புனைந்தவர். மூன்று மக்களிடமும் போய்ச்சேர்ந்த அந்தப் பாடகன் இங்கே பெரும்பாலும் ஒரு மௌன உருவம். அவர் பாட்டைக் கேட்ட சனங்களைத் தேட வேண்டியிருக்கு.

சோவியத் அதிகாரிகள் 'சயாத் நோவா' என்ற தலைப்பையே எடுக்கவைத்தார்கள். படத்தை இன்னொரு இயக்குநர் யுத்கேவிச் வெட்டி மாற்றினார். 1973இல் பரஜானவ் கைதானார். 2014இல்தான் படம் முறையாக மீட்டெடுக்கப்பட்டது. அதுவும் யாரோ உட்கார்ந்து காயவைத்த புத்தகம்தான். ஒரு தடவையாவது முழுசாகப் பாருங்கள்.