ஒரே படிப்பில் இரு தேர்வுகள்: தொகுதி 4, தொகுதி 2 தயாரிப்பு குறித்து

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், 1929ஆம் ஆண்டில் மதராஸ் மாகாணத்தில் தொடங்கப்பட்ட பணியாளர் ஆணையத்தின் தொடர்ச்சியாகும். இந்திய மாகாணங்களில் இத்தகைய ஆணையம் முதன்முதலில் அமைந்தது இங்கேதான். அது நடத்தும் தேர்வுகளில் மிகப் பெரிய எண்ணிக்கையில் இளைஞர்களை ஈர்ப்பவை இரண்டு. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் முதலிய பதவிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை அடிப்படைத் தகுதியாகக் கொண்டு நடத்தப்படுவது தொகுதி 4 தேர்வு. சார்பதிவாளர், தொழிலாளர் உதவி ஆய்வாளர், நன்னடத்தை அலுவலர் போன்ற பதவிகளுக்கும், தொகுதி 2ஏ என்ற பெயரில் பல துறைகளின் உதவியாளர் பதவிகளுக்கும் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுப்பது தொகுதி 2 தேர்வு. பட்டம் பெற்றவர் இரண்டுக்குமே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஒன்றை மட்டும் குறிவைத்துப் படிப்பதா, இரண்டுக்கும் ஒருசேரப் படிப்பதா என்ற கேள்வியை அவர் எதிர்கொண்டாக வேண்டும். நடைமுறையில் பலரும் மேற்கொள்வது இரண்டாம் வழியே. பயிற்சி மையங்களும் 'குரூப் 2, 4' என்று இணைத்தே வகுப்புகளை விளம்பரம் செய்கின்றன. இவ்வழக்கத்துக்கு உறுதியான அடிப்படை உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால் அந்த அடிப்படை முதல்நிலைத் தேர்வோடு முடிந்துவிடுகிறது என்பதைத் தேர்வர்கள் பலர் காலம் கடந்தே உணர்கின்றனர்.

இரு வினாத்தாள்களின் அமைப்பை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒருசேரப் படிப்பதன் காரணம் புலப்படும். தொகுதி 4 ஒரே கட்டத் தேர்வு: மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், அவற்றுள் 100 வினாக்கள் தமிழ் மொழிக்கும், 75 பொது அறிவுக்கும், 25 திறனறிவுக்கும் உரியவை. தொகுதி 2 தேர்வின் முதல்நிலையும் இதே எண்ணிக்கையில், இதே பகிர்வில் அமைந்தது. பொது அறிவுப் பகுதியின் வினாத்தரம் ஒன்றில் பத்தாம் வகுப்பு, மற்றொன்றில் பட்டப்படிப்பு என வேறுபட்டாலும், அரசமைப்பு, வரலாறு, பொருளாதாரம், புவியியல் ஆகிய பகுதிகளும், தமிழ்நாட்டின் பண்பாட்டு மரபையும் வளர்ச்சி நிர்வாகத்தையும் பேசும் பகுதிகளும் இரண்டுக்கும் பொதுவானவை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான தமிழ்நாட்டுப் பாடநூல்களே இரண்டுக்கும் மூல நூல்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களிலும், நூலகங்களில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென ஒதுக்கப்பட்ட அறைகளிலும் அமர்ந்திருப்போரில் யார் எந்தத் தேர்வுக்குப் படிக்கிறார் என்பதை மேசையிலுள்ள புத்தகங்களைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஓராண்டின் உழைப்பை இரண்டு வாய்ப்புகளுக்குப் பயன்படுத்துவது, வருமானமின்றிப் படிக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உண்மையான சிக்கனம்.

எனினும் இவ்வழக்கத்தை வழிநடத்தும் நம்பிக்கைகளுள் ஒன்று ஆய்வில் நிற்பதில்லை. தொகுதி 4இல் பணியிடங்கள் மிகுதி, ஆகவே அது எளிது. அங்கே ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு பிறகு மேலே செல்லலாம் என்பது அந்த நம்பிக்கை. 2025 ஜூலையில் நடைபெற்ற தொகுதி 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 3,935. தேர்வை எழுதியவர்களோ பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். 2024 செப்டம்பரில் நடைபெற்ற தொகுதி 2 முதல்நிலைத் தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 2,327. எழுதியவர்கள் ஏறத்தாழ 5.8 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டால் முதலாவதில் ஏறத்தாழ 290 பேரும், இரண்டாவதில் 250 பேரும் வருகின்றனர். பணியிடங்கள் பின்னர் கூட்டப்படுவதால் இவ்விகிதம் மாறும் என்றாலும், போட்டியின் நெருக்கத்தில் தொகுதி 4 தாழ்ந்ததன்று என்பது தெளிவு. வினாக்கள் எளிமையாக இருக்கும் தேர்வில் ஒரு வினாவின் தவறுகூடத் தரவரிசையில் பெருந்தொலைவுக்குத் தள்ளிவிடும். வினாக்கள் கடினமாகும்போது கிடைக்கும் மன்னிப்பு அங்கே கிடைப்பதில்லை. ஆகவே தொகுதி 2க்குப் படிப்பவர் தொகுதி 4ஐ 'போகிற போக்கில்' எழுதி வெல்லலாம் என்று கருதுவது, துல்லியத்துக்காகவே மாதக்கணக்கில் பழகியவர்களோடு ஆயத்தமின்றிப் போட்டியிடுவதாகும்.

ஒருசேரப் படிக்கும் முறையின் பெரிய குறை முதன்மைத் தேர்வில் வெளிப்படுகிறது. முதல்நிலையில் ஓர் இடத்துக்குப் பத்துப் பேர் என்ற அளவில் தேர்ந்தெடுக்கப்படுவோர் தொகுதி 2 பதவிகளுக்கு விரிந்துரைக்கும் வகையில், அதாவது பத்திகளாக விடை எழுதும் வகையில், 300 மதிப்பெண்ணுக்குரிய பொது அறிவுத் தாளை எதிர்கொள்ள வேண்டும். கொள்குறி வகை, அதாவது தரப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிவு செய்யும் வகை, நினைவின் ஒரு பகுதியையே சோதிக்கிறது. சரியான விடை கண்முன் இருக்கும்போது அதை அடையாளம் காணும் ஆற்றல் அது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாத தேர்வில், பொருந்தாதவற்றை நீக்கி ஊகிக்கும் பழக்கமும் அதனோடு சேர்ந்து வளர்கிறது. ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்க்கலாம். நீதிக்கட்சி ஆட்சியில் முதல் வகுப்புவாரி அரசாணை வெளியான ஆண்டு எது என்பது கொள்குறி வினா. 1921 என்பதை நான்கு எண்களுக்கிடையே கண்டுகொண்டால் ஒன்றரை மதிப்பெண் கிடைத்துவிடும். தமிழ்நாட்டின் சமூக மாற்றத்தில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தின் பங்கை மதிப்பிடுக என்று முதன்மைத் தேர்வு கேட்குமானால், அந்த அரசாணையையும், செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951இல் அளித்த தீர்ப்பையும், அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 15(4) உட்பிரிவையும் காரண காரியத் தொடராக நிறுத்தி, குறித்த நேரத்துக்குள், படிக்கத்தக்க கையெழுத்தில் எழுதியாக வேண்டும். இத்தரவுகள் அனைத்தையும் தனித்தனியே அறிந்த தேர்வர், அவற்றை இணைக்கும் வாக்கியத்தை ஒருமுறைகூட எழுதிப் பார்த்திராததால் தாளின் முன் திகைக்கிறார். முதல்நிலை முடிவு வந்த பிறகு எழுதிப் பழகலாம் என்ற எண்ணமும் ஆபத்தானது: 2024 செப்டம்பர் 14 அன்று முதல்நிலை எழுதியவர்களின் முடிவு அவ்வாண்டு டிசம்பரில் வெளியாகி, 2025 பிப்ரவரியிலேயே முதன்மைத் தேர்வு நடந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் ஒருவர் தகவலைத் திரட்டலாம், எழுத்துநடையை உருவாக்கிக்கொள்வது அரிது.

மொழித்தாளிலும் இதே பிளவு வேறு வடிவில் உண்டு. 2021 டிசம்பரில் வெளியான அரசாணைக்குப் பின் தொகுதி 4 தேர்வில் பொது ஆங்கிலம் என்ற தெரிவு இல்லை. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு, அதாவது 150க்கு 60 மதிப்பெண் பெறாதவரின் எஞ்சிய விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை. தொகுதி 2 முதல்நிலையிலோ தமிழ், ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் உரிமை தொடர்ந்தது. பொறியியல் பட்டதாரிகள் பலர் ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டு முதல்நிலையைக் கடக்கின்றனர்; அவர்களுக்குத் தொகுதி 4இன் பாதித் தாள் முற்றிலும் புதியது என்பதால் 'பொதுவான தயாரிப்பு' என்ற பேச்சே அங்கே பொருளற்றதாகிறது. தொகுதி 2 முதன்மைத் தேர்விலும் 100 மதிப்பெண்ணுக்குத் தமிழ் தகுதித்தாள் உண்டு. மொழிபெயர்ப்பு, சுருக்கி வரைதல், திருக்குறள் சார்ந்த கட்டுரை, கடிதம் எழுதுதல் எனக் கையால் எழுத வேண்டிய அத்தாளில் 40 பெறாதவர் பொது அறிவுத் தாளில் எவ்வளவு சிறந்து எழுதியிருந்தாலும் பயனில்லை. இலக்கணக் குறிப்புகளை மனப்பாடம் செய்து கொள்குறித் தமிழில் உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்களும் ஓர் அலுவலகக் கடிதத்தைப் பிழையின்றி எழுதத் தடுமாறுவதுண்டு. அரசு அலுவலகத்தில் நாளும் செய்ய வேண்டிய வேலை அதுவே என்பதால் அத்தாளின் இருப்பு முழுவதும் நியாயமானது.

2024இல் கொண்டுவரப்பட்ட மாற்றம் இந்த எடைபோடுதலைச் சற்றே திருத்தியிருக்கிறது. நேர்முகத் தேர்வு கைவிடப்பட்டதோடு தொகுதி 2, தொகுதி 2ஏ ஆகியவற்றின் முதன்மைத் தேர்வுகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு, 2ஏ பதவிகளுக்கான பொது அறிவுத் தாள் கொள்குறி வகைக்கு மாறியது. தொகுதி 4க்குப் படித்தவரின் பழக்கம் இப்போது 2ஏ வரை ஏறத்தாழ முழுமையாகக் கைகொடுக்கிறது. தமிழ்த் தகுதித்தாளுக்கு மட்டும் அவர் எழுதிப் பழகினால் போதும். 2025 அறிவிக்கையில் 645 இடங்களுள் தொகுதி 2க்கு உரியவை 50 மட்டுமே, மற்ற 595 இடங்களும் 2ஏ பதவிகள் என்பதையும் சேர்த்து நோக்கும்போது, பெரும்பாலான தேர்வர்களுக்குத் தொகுதி 4ஐயும் 2ஏவையும் இணைத்துப் படிப்பதே அறிவுக்குகந்த வழி என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. தொகுதி 2இன் 50 இடங்களை உண்மையிலேயே நாடுபவர் தொடக்க நாளிலிருந்தே நாளொன்றுக்கு ஒரு வினாவுக்கேனும் பத்தி வடிவில் விடை எழுதிப் பார்க்க வேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவர் அந்த இலக்கை வெளிப்படையாகக் கைவிட்டு, மிச்சமாகும் நேரத்தைத் திறனறிவுக் கணக்குகளின் வேகத்துக்குத் திருப்பிவிடுவது நல்லது. இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவதுதான் ஆண்டுகளை விழுங்குகிறது.

தெரிவு செய்யும்போது போதிய கவனம் பெறாத ஒன்று தட்டச்சுச் சான்றிதழ். தொகுதி 4இன் தட்டச்சர் பதவிகளுக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை தேறியவர்களுக்கு முன்னுரிமையும், ஒன்றில் முதுநிலையும் மற்றொன்றில் இளநிலையும் தேறியவர்களுக்கு அடுத்த இடமும் தரப்படுகின்றன. சிற்றூர்களிலும் இன்னும் இயங்கும் தட்டச்சுப் பயிலகம் ஒன்றில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் செலவிட்டு இச்சான்றிதழ்களைப் பெற்றவர், பொது வரிசையில் இளநிலை உதவியாளர் பதவியை எட்டாத மதிப்பெண்ணிலும் தட்டச்சராகப் பணியில் சேரும் வாய்ப்பைப் பெறுகிறார்.

ஊதியத்தைக் கொண்டு மட்டும் இத்தெரிவைச் செய்வதும் போதாது. இளநிலை உதவியாளரின் ஊதிய நிலை 19,500 ரூபாயிலும், 2ஏ வழியாக வரும் உதவியாளரின் ஊதிய நிலை 20,600 ரூபாயிலும் தொடங்குகின்றன. அடிப்படை ஊதியத்தில் வேறுபாடு சிறிது. இளநிலை உதவியாளர் துறைத் தேர்வுகளில் தேறி, பணிமூப்பு வரிசையில் காத்திருந்து அடையும் பதவியில் மற்றவர் நேரடியாக அமர்கிறார் என்பதே பெரிய வேறுபாடு. பணிக்காலம் நீண்டு கிடக்கும் 22 வயதினருக்கு அது மிகவும் பொருட்படுத்தத்தக்கது, குடும்பப் பொறுப்போடு 35 வயதில் எழுதுபவருக்கு முதலில் கைக்கு வரும் பணி ஆணையே மேலானது. ஒதுக்கீட்டுப் பிரிவுகளைச் சேர்ந்த பட்டதாரிகளுக்குப் பெரும்பாலான பதவிகளில் உச்ச வயது வரம்பு இல்லாதது சமூக நீதியின் நோக்கில் சரியானது. ஆனால் எப்போது நிறுத்துவது என்ற முடிவை அது முழுவதும் தேர்வரின் தோளிலேயே வைத்துவிடுகிறது. தொகுதி 4 வழியாகப் பணியில் சேர்ந்துகொண்டு 2ஏவுக்கு மீண்டும் எழுதுவது இச்சுமையைக் குறைக்கும் வழி. சம்பளம் வரும் நிலையில் படிப்பவரிடம் பதற்றம் குறைவு.

இவ்வாறு பட்டதாரிக்கு நன்மையாக முடியும் ஒருசேரத் தயாரிப்பு, மற்றொருவருக்கு இழப்பாகிறது. தொகுதி 4இன் தகுதி பத்தாம் வகுப்பு என வரையறுக்கப்பட்டதால், மேற்கொண்டு படிக்க வழியில்லாதவர்களும் அரசுப் பணிக்கு வரும் வாசல் திறந்திருக்கிறது. பட்டப்படிப்புத் தரத்தில் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் அதே தாளை எழுதும்போது, பத்தாம் வகுப்போடு நின்று, பகலில் கூலி வேலையும் இரவில் படிப்புமாக இருக்கும் ஒரு பெண், தம் தகுதிக்கென அமைந்த தேர்விலேயே பின்னுக்குத் தள்ளப்படுகிறார். பட்டதாரியைத் தடுப்பது தீர்வாகாது, அவருக்கும் வேலையில்லை. தொகுதி 2, 2ஏ இடங்கள் 2024இல் 2,327 ஆகவும் அடுத்த ஆண்டில் 645 ஆகவும் இருக்கும் ஏற்ற இறக்கமே பட்டதாரிகளைத் தொகுதி 4 நோக்கித் திருப்புகிறது. காலியிடங்களை ஆண்டுதோறும் சீராகக் கணித்து நிரப்பும் பொறுப்பு அரசுத் துறைகளிடம் இருக்கிறது.