இரண்டு எண்ணூறுக்கு நடுவே

யாசோ எண்ணூறுகள் என்றால் பத்துத் தடவை 800 மீட்டர், நடுவில் ஒவ்வொரு தடவையும் அதே நேரத்துக்கு ஒரு ஜாக். அதில் முதல் ஆறைப் பற்றி நான் யாரிடமும் கேட்பதில்லை. ஆறு வரை உற்சாகமே இழுத்துக்கொண்டு போய்விடும். ஏழாவது முடிந்து எட்டாவது தொடங்கும்வரை ஒரு ஜாக் இருக்கிறதே, அதை ஓடிய விதத்தைப் பார்த்தால் போதும், அந்த ஆளின் மாரத்தான் டைமிங்கை ஓரளவு சொல்லிவிடலாம். தோள் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, மூச்சு எந்த இடத்தில் அடங்குகிறது, கடைசி நூறு மீட்டரில் கால் தானாகக் கோட்டை நோக்கிப் போகிறதா, இல்லை ஷூ லேஸைச் சரிசெய்கிற சாக்கில் ஆள் குனிகிறாரா. எண்ணூறின் நேரத்தை எல்லாரும் குறித்து வைக்கிறார்கள். நடுவில் கிடக்கிற இந்த மூன்றரை நிமிடத்தை ரசிக்கத்தான் ஆளில்லை.

பார்ட் யாசோ தன் பழக்கமாக வைத்திருந்ததை 1990களில் 'ரன்னர்ஸ் வேர்ல்டு' இதழில் எழுதிப் பெயரும் சூட்டியவர் அம்பி பர்ஃபூட். 1968இல் பாஸ்டன் மாரத்தானை வென்றவர். விளையாட்டுக்கு எழுதுகிற ஆள் இல்லை. எண்ணூறு ஓடிய நிமிடம் மாரத்தானில் மணியாகிறது, நொடி நிமிடமாகிறது, இதென்ன ஜோசியமா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு வகுத்தல் போட்டுக் காட்டுவேன். 42.195 கிலோமீட்டரில் 52.74 எண்ணூறுகள்தான் அடங்கும். யாசோ கணக்கு தருவதோ 60 எண்ணூறுகளின் நேரம். ஏழேகால் எண்ணூறு கூடுதலாகக் கிடைக்கிறது. மூன்றரை மணி நேரத்துக்கு ஓடுகிறவருக்கு அது 25 நிமிடம். நகைக்கடையில் சேதாரம் சேர்ப்பதுபோல, முப்பது கிலோமீட்டருக்குப் பிறகு உடம்பு கரைகிற கரைச்சலுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த தொகை அது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு சின்னச் சமன்பாட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்களே என்று எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை. அந்தச் சேதாரம் போதாது, இன்னும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள் என்கிற பயிற்சியாளர்களோடு எனக்குச் சண்டையில்லை. வாரத்துக்கு முப்பது கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு எவ்வளவு கூட்டினாலும் கணக்கு நேராகாது.

யாசோவை விட்டு ரீகல் சூத்திரத்தின் பக்கம் சாய்ந்தவர்கள் எங்கள் தென்காசியிலும் இருக்கிறார்கள். 1977இல் அவர் கொடுத்த 1.06 என்ற அடுக்கு சுத்தமான கணிதம். அரை மாரத்தான் நேரத்தைப் போட்டால் முழு மாரத்தான் வந்து விழும். டேனியல்ஸ் அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிக்கிற நண்பர் ஒருவரும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் முன்னதாக ஒரு பந்தயம் ஓடியிருக்க வேண்டும். புதன்கிழமை காலையில், எண்ணைச் சட்டையில் குத்தாமல், கூட்டமில்லாத கிரவுண்டில் தன் தரத்தைத் தெரிந்துகொள்வதற்கு, இப்படி ஓட்டமும் ஓய்வும் மாறி மாறி வருகிற இன்டர்வெலை விட்டால் வேறு வழியில்லை. 1500 மீட்டர்காரர்களுக்கு ரஷ்யர்கள் வைத்த கோஸ்மின் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் முழு வேகம், நான்கு தடவை. நடுவில் ஓய்வு மூன்று நிமிடம், இரண்டு நிமிடம், ஒரு நிமிடம். ஓடிய மொத்தத் தூரம்தான் விடையைத் தருகிறது. அந்த ஓய்வு படிப்படியாகச் சுருங்குவதில்தான் அதன் அழகு முழுவதும் இருக்கிறது.

என்னைக் கேட்டால், இன்டர்வெலை வைத்துக் கணிக்கிற இந்தக் கலையில், ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடிய பானிஸ்டரைத் தாண்டி ஒருவரும் இல்லை. அவரோ மருத்துவ மாணவர். லண்டன் பாடிங்டனில் மதிய உணவு நேரத்தில் வந்து ஓடிவிட்டு மருத்துவமனைக்குத் திரும்புகிறவர். ஜாடோபெக் நாற்பது நானூறு ஓடினார் என்று மலைப்பார்கள், மலைக்க வேண்டியதுதான். பானிஸ்டர் ஓடியது பத்து, ஒவ்வொன்றும் 440 கெஜம், நடுவில் இரண்டே நிமிடம். 1953 டிசம்பரில் ஒரு சுற்று 66 நொடி. குளிர்காலம் முழுக்க அதைச் சிறுகச் சிறுக இறக்கி, ஏப்ரலில் 61க்குக் கொண்டுவந்தார். அங்கே நின்றுபோயிற்று. நான்கு சுற்று சேர்ந்தால் ஒரு மைல். 61 என்றால் நான்கு நிமிடம் நான்கு நொடி. பத்துச் சுற்றும் கண்ணாடிபோல ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, என்ன முட்டினாலும் 60ஐத் தொட முடியவில்லை.

இந்த இடத்தில் நம்மில் எத்தனை பேர் இன்னும் இரண்டு சுற்றைச் சேர்த்திருப்போம்! அவர் நண்பர் பிராஷரோடு காரை எடுத்துக்கொண்டு ஸ்காட்லாந்துக்குப் போய்ப் பாறை ஏறினார். திரும்பி வந்து, அதே பத்தை 59இல் ஓடினார். 1954 மே 6, ஆக்ஸ்ஃபோர்டு இஃப்லி சாலை மைதானம், ஒரு மைல், 3 நிமிடம் 59.4 நொடி. பந்தயத்தைத்தான் உலகம் கொண்டாடுகிறது. எனக்கு அந்த 59தான் பெரிது. சாதனை நிகழ்வதற்கு முன்பே, பார்வையாளர்கள் இல்லாத ஒரு மைதானத்தில் அது எழுதப்பட்டுவிட்டது. டைமிங் கட்டிப்போன பையன்கள் யாராவது வந்தால் நானும் கிரவுண்டுக்கு அனுப்புவதில்லை. "ஓட்டத்தை மறந்துரு தம்பி, மூணு நாள் பழைய குற்றாலத்துல போய்க் குளிச்சிட்டு வா" என்பேன்.

அன்றைக்கு ஆக்ஸ்ஃபோர்டில் காற்று பலமாக அடித்தது. ஓடலாமா வேண்டாமா என்று பானிஸ்டர் கடைசிவரை தேவாலயத்துக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடி தொய்ந்த பிறகுதான் இறங்கினார். இதைத் தென்காசிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் இறங்கி வருகிற காற்றைக் காசி விசுவநாதர் கோபுர வாசலில் ஒரு தரம் வாங்கியவர்களுக்குப் போதும். குற்றாலம் ரோட்டில் எண்ணூறு ஓடிப் பாருங்கள். மேற்கே மலையைப் பார்த்துப் போகிற எண்ணூறு ஒரு டைமிங், ஊரைப் பார்த்துத் திரும்புகிற எண்ணூறு இன்னொரு டைமிங். கூட்டிப் பாதியாக்கினாலும் சரியாகாது, ஏனென்றால் எதிர்க்காற்று பிடுங்குகிற அளவைப் பின்காற்று திருப்பித் தருவதில்லை. கிரவுண்டில் வட்டமாக ஓடினாலும் இதே நஷ்டம்தான். அதனால் தென்னை மட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிற நாளில் எடுத்த யாசோவை நான் எந்த மாரத்தானுக்கும் கணக்கில் சேர்ப்பதில்லை. இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. சாரல் தூறுகிற, காற்று ஓய்ந்த ஒரு காலையில் பத்தும் பட்டுப்போல விழும். அந்த எண்ணை நம்பி ஜனவரியில் சென்னை மாரத்தானில் நின்றால், கடற்கரை ஈரம் இருபத்தைந்தாவது கிலோமீட்டரிலேயே கணக்கைக் கலைத்துவிடும். எந்த ஊர்க் காற்றில் ஓடப் போகிறோமோ, அதை ஒத்த காற்றில் எடுத்த இன்டர்வெலுக்குத்தான் மதிப்பு.

எனக்கு இந்த ருசியை ஊட்டியவர் பள்ளியில் இருந்த பி.டி. வாத்தியார். சுண்ணாம்புக் கோடு போட்ட இருநூறு மீட்டர் வட்டம், சாவி கொடுக்கிற ஸ்டாப்வாட்ச் ஒன்று, நீள நோட்டு ஒன்று. ஓடியதைக் கறுப்பு மையிலும் ஓய்வைச் சிவப்பு மையிலும் எழுதுவார். கோட்டைத் தாண்டியதும் முட்டியில் கையூன்றி, "சார், எவ்வளவு?" என்று கேட்டால் பதில் வராது. "நிக்காதலே! நின்னா கணக்குல சேராது. ஜாக் முடியட்டும், சொல்லுதேன்." மாவட்டப் போட்டிக்கு முந்தைய வாரம் ஒவ்வொருவனுக்கும் ஒரு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். ஓடி முடித்த பிறகு பிரித்துக் காட்டுவார். அவருடைய விரல் எப்போதும் சிவப்பு வரிசையின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது விடிந்து எழுந்ததுமே கைக்கடிகாரம் மாரத்தான் நேரத்தைச் சொல்லிவிடுகிறது. ஒரு மெதுவான ஓட்டத்தின் இதயத்துடிப்பை வைத்துக்கொண்டு அது சொல்கிற எண்ணை எப்படி நம்புவது? அதைவிட வருத்தம், ஜாக் ஒழிந்துபோனது. எண்ணூறை முடித்ததும் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்து, போனைப் பார்த்து, ஐந்து நிமிடம் கழித்து அடுத்ததற்கு வருகிறார்கள். அப்படி ஓடிய பத்து எண்ணூறு பத்துத் தனித்தனி ஓட்டம். அதற்கும் மாரத்தானுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிறகு முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் நடந்துவிட்டு வந்து, யாசோ பொய் என்கிறார்கள்.

இன்டர்வெல் சொல்வது உடம்பின் திறனை மட்டும். பந்தயத்தின் போக்கு அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நம் புதுக்கோட்டை லட்சுமணனை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் புவனேஸ்வரம் ஆசியப் போட்டியில் 5000 மீட்டரை 14 நிமிடம் 54.48 நொடியில் வென்றார். 10,000 மீட்டரிலும் தங்கம். அடுத்த மாதம் லண்டன் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் அதே 5000 மீட்டரை 13 நிமிடம் 35.69 நொடியில் ஓடியும் இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. ஒரே வருடம், அதே கால்கள், இடையில் ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். புவனேஸ்வரத்தில் ஓடியது வெல்வதற்கான ஓட்டம், லண்டனில் ஓடியது திறன் முழுவதையும் கேட்ட ஓட்டம். இன்டர்வெலைக் கொண்டுபோய் ஒப்பிட வேண்டியது லண்டனோடுதான்.

அதனால் யாராவது தம்பி வந்து, "அண்ணாச்சி, பத்து எண்ணூறு போட்டேன், சராசரி 3:28" என்று ஒரே எண்ணை நீட்டினால் நான் வாய் திறப்பதில்லை. பத்து ஓட்டம், ஒன்பது ஜாக், ஆக மொத்தம் பத்தொன்பது எண்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் ஓரத்தில் எழுதிக் கொண்டுவரச் சொல்வேன். கொண்டுவருகிறவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு எனக்கு ஒரு காலைப்பொழுது போதாது.