உப்புச் சாலையில் ஒரு செயின்
பிரிட்டனில் குளிர்காலம் வந்தால் பனி உறையாதிருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். மழைநீரில் கரைந்த அந்த உப்புச் சேறு சைக்கிளில் முதலில் பதம் பார்ப்பது செயினைத்தான். ஈரத்தோடு ஓர் இரவு விட்டாலே காலையில் செம்மண் நிறத்தில் துரு பூத்துவிடும். அதனால் அக்கறையுள்ளவர்கள் வீடு திரும்பியதும், குளிரில் விறைத்த விரல்களோடே வாளியில் வெந்நீர் பிடித்து வண்டியைக் கழுவிவிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடக்கும் வேலை. பழைய பனியன் துணியால் செயினைத் தளர்வாகப் பிடித்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுவார்கள். துணியில் கறுப்புக் கோடுகள் விழ விழ, அடியிலிருந்து எஃகின் வெளுப்பு எட்டிப் பார்க்கும். காய்ந்தபின் எண்ணெய். கோடையில் போடும் மெல்லிய எண்ணெய் இந்த மழைக்கு நிற்காது. தேன்போல் இழுபடும் கெட்டி எண்ணெய் வேண்டும். நூற்றுச் சொச்சம் கண்ணிகள், ஒவ்வோர் உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு. பழகிய கை சொட்டு விழும்வரை காத்திருந்துதான் அடுத்த கண்ணிக்கு நகரும். அந்தப் பொறுமை பார்க்கவே அழகு. எண்ணெய் உள்ளே இறங்கியதும் வெளியே வழிந்ததைத் துடைத்தெடுக்க வேண்டும். மேலே நிற்கும் ஈரம் மணலைத்தான் பிடித்து வைக்கும். இப்போது பெடலைச் சுற்றினால், சற்று முன்வரை கரகரத்த செயின் பற்களில் வழுக்கிக்கொண்டு ஓடும். பின்சக்கரத்தின் டிக்டிக் மட்டும் தனியாகக் கேட்கும். நீளமான மட்கார்டும் அதன் நுனியில் ஒரு ரப்பர் மடலும் இருந்தால் செயினுக்கு வரும் சேறு நிறையவே குறையும். கூட்டமாகப் போகும்போது பின்னால் வருபவர் முகமும் தப்பிக்கும்.