வலப்பக்கம் தெரிந்த பால் திட்டு

பிறந்து ஒரு நாளான சுண்டெலிக் குட்டியை மல்லாத்திப் பார்த்திருக்கிறீர்களா? மயிர் முளைக்காத மெல்லிய தோலுக்கடியில், குடித்த பால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். எப்போதும் இடப்பக்கம்தான். ஆய்வக எலிகளோடு பழகுகிற எனக்கு அது அன்றாடக் காட்சி. அதனால்தான் அமெரிக்காவின் ஹூஸ்டனில், பேலர் மருத்துவக் கல்லூரியில் ஓவர்பீக் குழுவினர் உருவாக்கிய எலிகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தக் குட்டிகளுக்கு இரைப்பை வலப்பக்கம்!

அவர்கள் அதைத் தேடிப் போகவேயில்லை. நிறமற்ற வெள்ளை எலிகளின் கருவுற்ற முட்டைக்குள் டைரோசினேஸ் என்னும் நிறமி மரபணுவை நுண்ணூசியால் செலுத்தினார்கள். அப்படிச் செலுத்தும் டி.என்.ஏ. எந்தக் குரோமோசோமில் போய் உட்காரும் என்பது யார் கையிலும் இல்லை. ஒரு வம்சத்தில் அது 4ஆம் குரோமோசோமில், அதுவரை யாருமே அறியாத ஒரு மரபணுவின்மேல் விழுந்து அதைச் சிதைத்துவிட்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்ற எலிகள் நலமாகவே இருந்தன. இருவரிடமிருந்தும் பெற்றவற்றுக்கோ உள்ளுறுப்புகள் இடம்வலம் மாறிப்போயின. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள்; மஞ்சள் காமாலை. பெரும்பாலானவை ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை, பாவம்.

முன்பே தெரிந்திருந்த 'ஐவி' வம்சத்தில் ஏறத்தாழப் பாதிக் குட்டிகளுக்குத்தான் இப்படி மாறும். இங்கே கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும்! இடம் எது, வலம் எது என்று கரு முடிவுசெய்யும் இடத்திலேயே போய்க் கைவைத்திருக்கிறது அந்த அயல் டி.என்.ஏ. 1993இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இந்த முறையின் பேரழகு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணாடியை உடைத்த கல் அங்கேயே கிடக்கிறது! செலுத்திய டி.என்.ஏ.வின் வரிசை நமக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கம் துழாவினால் சிதைந்த மரபணு அகப்பட்டுவிடும். அப்படித்தான் 1998இல் 'இன்வெர்சின்' மரபணு கிடைத்தது. 2003இல், சின்னஞ்சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நெஃப்ரோனோஃப்தைசிஸ் நோயின் ஒரு வகைக்கும் அதே மரபணுவின் பழுதுதான் காரணம் என்று தெரியவந்தது. நிறம் தேடிப் போனவர்கள் கையில் குழந்தைகளின் நோய்க்கான தடயம்!

மரபணு மாற்றிய எலிகளை வளர்க்கும் இளம் ஆய்வாளர்களே, ஒவ்வொரு புதிய வம்சத்திலும் இரு பெற்றோரிடமிருந்தும் அயல் டி.என்.ஏ. பெற்ற குட்டிகளை ஒருமுறையாவது பிறப்பித்து, தலைமுதல் வால்வரை கவனித்துப் பாருங்கள்.