மூன்று கிலோமீற்றர்: ‘பாபெல்’ படத்தில் எவரும் சொல்லாத ஒரு வசனம்

அலெஹாந்த்ரோ கொன்சாலஸ் இஞ்ஞாரித்து இயக்கிய ‘பாபெல்’ 2006இல் வெளிவந்தது. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான பரிசையும் அவருக்குப் பெற்றுக்கொடுத்தது. படத்தைப் பற்றி எழுதியவர்களிற் பெரும்பாலானோர் தலைப்பைப் பிடித்துக்கொண்டே எழுதினார்கள். மொறோக்கோ, மெக்சிக்கோ, ஜப்பான், அமெரிக்கா என நான்கு நாட்டு மனிதர்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காததால் வரும் அழிவு, உலகமயமாதல். முதல் தடவை இறுவட்டில் பார்த்தபோது நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். அண்மையில் மறுபடியும் பார்த்தேன். இம்முறை முதற் பத்து நிமிடங்களைத் தாண்டி மனம் நகர மறுத்துவிட்டது. இந்தப் படத்தின் முதல் விபத்து மொழி தெரியாத மனிதர்களுக்கிடையில் நடப்பதல்ல. ஒரே வீட்டில் உண்டு உறங்கி ஒரே மொழி பேசும் தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் நடப்பது.

மொறோக்கோவின் வறண்ட மலைப்புறத்தில் அப்துல்லாஹ் ஆடு வளர்த்துப் பிழைக்கிறார். நரிகள் ஆடுகளைப் பிடிக்கின்றன. அயலவர் ஹஸன் துணியிற் சுற்றிய றைபிள் ஒன்றைக் கொண்டுவந்து விற்கிறார். விலை ஐந்நூறு திர்ஹமும் ஓர் ஆடும். ரவைப் பெட்டியும் கூடவே கைமாறுகிறது. துவக்கைப் பற்றிச் சொல்லப்படும் பெருமை ஒன்றுதான்: மூன்று கிலோமீற்றர் தூரம் பாயும். அப்துல்லாஹ் அதை மகன்மாரான அஹ்மதிடமும் யூசுஃபிடமும் கொடுத்து ஆட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அன்றைக்கே ஓர் அமெரிக்கப் பெண் பஸ்ஸுக்குள் இரத்த வெள்ளத்திற் சாய்கிறாள்.

விற்பவன் வாயில் அந்த மூன்று கிலோமீற்றர் ஒரு புகழ்ச்சி. துவக்குப் பழக்குகிறவன் வாயில் அதுவே எச்சரிக்கையாக வந்திருக்கும். படத்தில் வருவது வேட்டைக்குரிய .270 வின்செஸ்டர். இத்தகைய றைபிளால் நல்ல வேட்டைக்காரர் நம்பிக்கையோடு குறிவைக்கும் தூரம் சில நூறு மீற்றர்கள்தான். குறி தவறிய ரவையோ அந்த எல்லையில் நின்றுவிடுவதில்லை. கிலோமீற்றர் கணக்கிற் போகும். ஆகவேதான் இலக்கை மட்டும் பாராதே, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார் என்பது முதற் பாடங்களில் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. கதாசிரியர் கில்லெர்மோ ஆரியாகா தாமே வேட்டையாடுபவர். இந்தப் பாடம் அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டேதான் அதை அப்துல்லாஹ்வின் வாயில் அவர் வைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பையன்கள் செய்வது என்ன? சொல்லப்பட்ட தூரம் மெய்யா பொய்யா என்று பார்க்கிறார்கள். மூத்தவன் அஹ்மத் நம்பவில்லை. தம்பியின் குறி தன்னுடையதைவிடத் திறம் என்பது வேறு அவனுக்குள் புகைகிறது. முதலில் பாறைக்குச் சுடுகிறார்கள், பிறகு கீழே ஓடும் காருக்கு, பிறகு பஸ்ஸுக்கு. இதைக் குறும்பு என்றோ கொடூரம் என்றோ எழுதியவர்கள் பிள்ளைகளோடு பழகாதவர்கள். பத்துப் பன்னிரண்டு வயதளவில் பிள்ளை கருதுகோள் வைத்துச் சோதித்துப் பார்க்கத் தொடங்கும் என்று பியாஜே சொன்னதை ஆசிரிய கலாசாலையில் மனனம் செய்து எழுதிப் புள்ளி வாங்கினோம். அது யூசுஃபைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. விஞ்ஞான பாடத்தில் நான் செய்யச் சொல்வதைத்தான் அவன் செய்கிறான். ஒரு கூற்று அவனிடம் தரப்பட்டது, அதை அளந்து பார்க்கிறான். அவனுடைய கணக்கில் பஸ் என்பது ஒரு தூரம். அது தடுமாறி நிற்கும் கணத்திற்றான் அதற்குள் மனிதர்கள் ஏறிக்கொள்கிறார்கள்.

இவ்விடத்தில் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மொக்கிங்பேர்ட்’ (1960) நாவலை நினையாமல் இருக்க முடியவில்லை. அங்கேயும் ஒரு தகப்பன் இரண்டு பிள்ளைகளுக்குத் துவக்குக் கொடுக்கிறான். அவை வெறும் காற்றுத் துவக்குகள், நத்தார்ப் பரிசு. சட்டத்தரணி அத்திக்கஸ் பிஞ்ச் தாமாகச் சுடப் பழக்குவதில்லை. அதைத் தம்பி ஜாக்கிடம் விட்டுவிடுகிறார். ஆனால் எதைச் சுடலாம், எதைச் சுட்டால் பாவம் என்பதைச் சொல்லிவைக்கிறார். நாவலுக்குப் பெயரே அந்தக் கட்டளையிலிருந்துதான் வருகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது அதிகம் பேசப்படாத இன்னொரு சிறு காட்சி. அயல் வீட்டு மோடி அம்மையார் குனிந்து செடி பார்த்துக்கொண்டிருக்கிறார். மகள் ஸ்கவுட் ஒளிந்திருந்து அவருடைய பின்புறத்துக்குக் குறிவைக்கிறாள். அத்திக்கஸ் கண்டுவிடுகிறார். முதலில் வீதியைக் கடந்து சென்று, உமக்கு ஆபத்து இருக்கிறது என்று மோடியிடம் வேடிக்கையாகச் சொல்கிறார். திரும்பி வந்து, இனி எவரையும் நோக்கி அதை நீட்டக் கண்டால் நடப்பது வேறு என்ற தொனியில் மகளிடம் ஒரே வசனம். அது விளையாட்டுத் துவக்குத்தானே என்ற சலுகை அங்கே இல்லை. பின்னர் விசர்நாயைச் சுடும் கட்டத்திற்றான், வாப்பா மாவட்டத்திலேயே குறி தவறாத ஆள் என்று பிள்ளைகள் அறிகிறார்கள். அவர் அதை ஒரு பெருமையாக வீட்டுக்குள் கொண்டுவரவே இல்லை. (அந்நாவல் கறுப்பின மக்களை வெள்ளைக்காரத் தயாளத்தின் நிழலில் நிறுத்திவிட்டது என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. அது வேறொரு கட்டுரைக்குரியது.)

ஒப்பீடு நீதியானதா என்று கேட்கலாம். அத்திக்கஸ் படித்தவர், ஓய்வுள்ளவர். அப்துல்லாஹ்வின் பையன்களுக்குத் துவக்கு விளையாட்டல்ல, வேலை. ஆடு போனால் சோறு போகும். உண்மைதான். எனினும் ரவை வாங்கப் பணம் வேண்டும், ஒரு வசனத்துக்கு வேண்டியதில்லை. நம்மவர்களுக்கு அந்த வசனம் இரவலும் அல்ல. உறையிலிருந்து உருவிய வாளைக் கைமாற்றுவதை நபிகளார் (ஸல்) தடுத்தார்கள். பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்பு கொண்டு நடப்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றார்கள். கூடப்பிறந்தவனாயினும் அவனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதைக் கண்டித்தார்கள். துவக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய இந்த ஒழுங்குகளை நான் குத்பாவிற் கேட்டது மிக அரிது.

தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோபுரமும் மொழிக் குழப்பமும் பைபிள் சொல்லும் கதை. குர்ஆனில் பாபில் என்ற ஊர் வருவது சூரதுல் பகராவில், ஹாரூத், மாரூத் பற்றிய இடத்தில். அங்கே கற்பிக்கப்படுவது ஆபத்தான வித்தை. ஆனால், நாங்கள் ஒரு சோதனை என்று முன்னெச்சரிக்கை செய்யாமல் அவ்விருவரும் எவருக்கும் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. இயக்குநர் மனதில் இருந்தது கோபுரந்தான். ஆயினும் அவருடைய முதற் காட்சியை விளக்க நம்முடைய பாபிலே கூடுதலாக உதவுகிறது. எச்சரிக்கை முந்தி, கருவி பிந்தி என்ற ஒழுங்கு அங்கே உடைந்திருக்கிறது. கருவி வந்துவிட்டது. எச்சரிக்கை வரவேயில்லை.

முஸ்லிம் பையன் கையில் மறுபடியும் ஒரு துவக்கா என்று நம் வட்டங்களில் முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்தச் சலிப்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் படத்தினுள் அமெரிக்க அரசு இதைப் பயங்கரவாதம் என்று சொல்ல, பார்வையாளன் மட்டும் உண்மையை அறிந்தவனாக உட்கார்ந்திருக்கிறான். இந்த இடத்தில் படம் நம் பக்கம்தான். என் மனத்தாங்கல் வேறு. யூசுஃப் தன் சகோதரி உடைமாற்றுவதை எட்டிப்பார்க்கும் கிளைக்கதை எதற்கு? அந்த இடங்களில் கமெரா, பஸ்ஸில் வந்த சுற்றுலாப் பயணியைப் போலவே அந்த வீட்டுக்குள் நுழைகிறது. மெக்சிக்கோப் பகுதியும் துவக்கின் கதையோடு ஒட்டாமல் நிற்கிறது.

ஒட்டி நிற்பது ஜப்பான். அந்த றைபிள் டோக்கியோவைச் சேர்ந்த வத்தாயா என்ற செல்வந்தர் மொறோக்கோவில் வேட்டையாடிவிட்டு, வழிகாட்டியான ஹஸனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. ஹஸனைப் பொலிஸார் அடித்து விசாரிக்கிறார்கள். வத்தாயாவிடமோ மரியாதையாகக் கேட்கிறார்கள், அவர் பதில் சொல்கிறார், அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைப் படம் கூச்சலின்றிக் காட்டுகிறது. அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை, செவிப்புலனற்ற சியெக்கோ. தாய் மாடியிலிருந்து குதித்து மாண்டாள் என்று அவள் சொல்கிறாள். துவக்கால் தலையிற் சுட்டுக்கொண்டாள், மகள்தான் முதலிற் கண்டாள் என்று தகப்பன் சொல்கிறார். எந்தத் துவக்கு என்பது சொல்லப்படுவதில்லை. ஜப்பானில் துவக்கைப் பூட்டிய பெட்டகத்திலும் ரவையை அதற்குப் புறம்பாகவும் வைக்கச் சட்டம் இருக்கிறது. சாவி எப்படியும் வீட்டுக்குள்தான் இருக்கும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி கதையாக இல்லை. பிள்ளைக்கு எட்டும்படி துவக்கை வைத்த பெரியவரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை 1989இல் முதன்முதலில் இயற்றியது புளோரிடா மாநிலம். 2020இல் அந்நாட்டில் 1 முதல் 19 வயது வரையானோரின் மரணத்துக்கு முதற் காரணம் துவக்கு என்றானது. 2021 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்து ஒக்ஸ்போர்ட் பாடசாலையில் 15 வயது மாணவன் நான்கு மாணவர்களைக் கொன்றான். நான்கு நாட்களுக்கு முன் தகப்பன் வாங்கிய கைத்துப்பாக்கி அது. 2024இல் தாயும் தகப்பனும் தனித்தனியே குற்றவாளிகளாகக் காணப்பட்டு, ஒவ்வொருவருக்கும் 10 முதல் 15 வருடச் சிறை விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பின் பின்னர் அப்துல்லாஹ்வைப் பார்க்கையில் பழைய இரக்கம் அப்படியே இல்லை, முழுக்கப் போய்விடவுமில்லை.

நான் அவரைக் கடுமையாகப் பார்ப்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. 1990க்குப் பிறகு கிழக்கின் முஸ்லிம் எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படைக்குத் துவக்குகள் கொடுக்கப்பட்டன. எங்கள் மாமாவும் ஒருவர். விடியற்காலம் காவல் முடிந்து வந்து துவக்கைக் கதவு மூலையிற் சாத்திவிட்டு உறங்கிப்போவார். எனக்குப் பத்து வயது. ஒருநாள் மச்சானும் நானும் அதை எடுத்தோம். மச்சான் என் நெஞ்சுக்கு நேரே பிடித்து விசையை இழுத்தான். ‘டிக்’ என்றது. தோட்டா இல்லை. மாமா வாசற்படி ஏறும்போதே மூத்தம்மா கை நீட்டுவா, அவர் தோட்டாக்களைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அவை அவவுடைய றங்குப்பெட்டிக்குள் போகும், திறப்பு இடுப்பு முடிச்சுக்குள். அவ பாடசாலைக்குப் போனதில்லை. எங்களைக் கண்டதும் தும்புத்தடியால் இருவருக்கும் விழுந்தது. மாமாவுக்கு விழுந்த ஏச்சு அதைவிடப் பெரிது. ‘பாபெல்’ படத்துப் பேரத்தில் அப்படிக் கை நீட்டும் ஆள் எவருமில்லை. இரண்டு ஆண்கள் விலை பேசி முடிக்கிறார்கள்.

தகப்பனும் மகன்மாரும் மலையில் ஓடுகிறார்கள். பொலிஸார் சுடுகிறார்கள். அஹ்மதின் காலிற் பட்டதும் யூசுஃப் திருப்பிச் சுடுகிறான். பிறகு அஹ்மதின் முதுகிற் படுகிறது. யூசுஃப் துவக்கைப் பாறையில் அடித்து நொறுக்கிவிட்டு, கையை உயர்த்திக்கொண்டு, சுட்டது நான் மட்டுந்தான், நானாவைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சியபடி வருகிறான். படம் அவனுக்கு ஒரு நினைவைக் கொடுக்கிறது. மலைச்சரிவில் பலத்த காற்று. அண்ணனும் தம்பியும் கைகளை விரித்து, காற்றின் மேல் சாய்ந்து நின்று சிரிக்கிறார்கள். கைகளில் எதுவும் இல்லை.