படர்க்கைப் பெயரும் அரசவை அதிகாரமும்: ‘உல்ஃப் ஹால்’ நாவலை முன்வைத்து

1. முன்னுரை

ஹிலரி மான்டெல் எழுதிய ‘உல்ஃப் ஹால்’ (2009) என்னும் ஆங்கில நாவல், எட்டாம் ஹென்றியின் அரசவையில் உயர்குடிகளிடையே நிகழ்ந்த அதிகாரப் போட்டியைப் பொருளாகக் கொண்டது. பட்னியில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த தாமஸ் குரோம்வெல் மன்னரின் முதன்மை அமைச்சராக உயர்ந்த வரலாறே இதன் கதை. இந்நாவலின் படர்க்கைப் பெயராட்சியையும், அது தமிழாக்கத்தில் எழுப்பும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பட்டமும் பெயரும்

அவ்வரசவையில் உயர்குடியினர் பட்டத்தால் சுட்டப்பட்டனர். பட்டம் பெரும்பாலும் நிலப்பகுதியின் பெயர். தாமஸ் ஹோவர்ட் என்பவர் ‘நார்ஃபோக்’ ஆவார். எட்வர்ட் சீமோர் 1537இல் ‘ஹெர்ட்ஃபோர்ட்’, 1547இல் ‘சாமர்செட்’. நிலை உயர உயரப் பெயரே மாறியது. உயர்வுக்கு மணவுறவு வழியாயிற்று. மன்னர் மணந்த ஆன் பொலின் நார்ஃபோக்கின் உடன்பிறந்தாள் மகள். கேத்தரின் ஹோவர்ட் உடன்பிறந்தான் மகள். எனினும் 1536 மே மாதத்தில் ஆன் பொலினுக்குச் சாவுத்தண்டனை விதித்த நீதியவைக்கு நார்ஃபோக்கே தலைமை தாங்கினார் என்பது நோக்கத்தக்கது.

3. ‘ஹி’ என்னும் சொல்

இத்தகைய பெயர்களுக்கிடையே மான்டெல் குரோம்வெல்லைப் பெரும்பாலும் ‘ஹி’ என்றே குறிக்கிறார். அச்சொல் முன்வாக்கியத்தில் வந்த ஆடவரைச் சுட்டாமல் குரோம்வெல்லையே சுட்டுவதால் வாசகர் இடர்ப்படுவதுண்டு. அடுத்த நாவலில் (2012) ஆசிரியரே பல இடங்களில் அதனையடுத்துப் பெயரையும் சேர்த்துள்ளார். எனினும் இது குறையன்று. பிறர் நிலத்தின் பெயரால் நிற்க, நிலமற்றவர் வெறும் சுட்டாக நிற்கிறார். கதையும் அவர் மனத்துள்ளிருந்தே நகர்கிறது.

இவ்வுத்திக்கு ஓர் இழப்பும் உண்டு. நார்ஃபோக், திருச்சின்னங்கள் குலுங்க வரும் சினக்காரராகவே தோன்றுகிறார். 1485இல் போஸ்வொர்த் போரில் பாட்டனாரோடு இழந்த டியூக் பட்டத்தை அக்குடும்பம் 1514இல்தான் மீட்டது. மீண்டும் இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் அவருடைய செயல்களை விளக்கவல்லது. அம்மனத்துள் நாவல் புகவில்லை.

4. தமிழாக்கச் சிக்கல்

ஆங்கிலத்தில் மன்னரும் கொல்லர் மகனும் ஒரே ‘ஹி’. தமிழிலோ ‘அவன்’, ‘அவர்’ என்னும் வேறுபாடு பெயரில் மட்டுமன்றி வினைமுற்று விகுதியிலும் வெளிப்படுகிறது. பெயரை விடுத்தாலும் ‘வந்தான்’, ‘வந்தார்’ என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். தந்தையிடம் அடிபட்டுக் கிடக்கும் சிறுவனை ‘அவன்’ என்று தொடங்கினால், எப்பக்கத்தில் ‘அவர்’ ஆக்குவது? அவ்விடத்தைத் தீர்மானிப்பவர், ஹோவர்ட் குடும்பம் இறுதிவரை மறுத்த தகுதியைத் தாமே வழங்கியவராகிறார்.

இம்மறுப்பு வெறும் சொல்லளவில் நின்றதன்று. 1540 ஏப்ரலில் குரோம்வெல் எசெக்ஸ் ஏர்ல் ஆனார். ஜூன் 10இல் ஆலோசனை அவையில் சிறைப்பட்டபோது அவர் கழுத்திலிருந்த விருதுச் சின்னத்தை நார்ஃபோக் பறித்தார் எனப் பிரெஞ்சுத் தூதரின் கடிதம் கூறுகிறது. பின்னர்ச் சட்டத்தின் வழியே பட்டங்களும் பறிக்கப்பட்டன. ஜூலை 28இல் அவர் தலை துண்டிக்கப்பட்டது. அன்றே மன்னர் கேத்தரின் ஹோவர்டை மணந்தார்.

5. முடிவுரை

தமிழின் அண்மைச்சுட்டு இங்குத் துணைசெய்யும். குரோம்வெல்லை ‘இவன்’ என்றும் பிறரை ‘அவர்’ என்றும் குறித்தால் ஆங்கில மூலத்திலுள்ள மயக்கம் நீங்கும், அகநோக்கும் நிலைக்கும். ‘இவன்’ மரியாதைக் குறைவாகாதா எனலாம். ஒருவர் தம்மைப் பற்றி எண்ணும்போது உயர்வுப் பன்மையை ஆள்வதில்லை. எனவே இங்கு ‘-ஆன்’ விகுதி இழிவையன்று, நெருக்கத்தையே உணர்த்தும். வரலாற்றெழுத்தின் மரபையொட்டி இக்கட்டுரை அவரை ‘அவர்’ என்கிறது. நாவலுக்கு அம்மரபு பொருந்தாது. பட்டம் பெற்ற பின்னும் ‘இவன்’ மாறாதிருப்பின், அரசவை தருவதும் பறிப்பதும் பட்டத்தை மட்டுமே என்னும் உண்மையைத் தமிழ் இலக்கணமே உணர்த்திவிடும்.